நியூயார்க் பார் தேர்வு: மேல்முறையீட்டுக் கேள்விகளை விட்டுவிடாதீர்கள்

நியூயார்க்கில் வக்கீலாக எழுத வேண்டிய பார் தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ் மதிப்பெண்ணான 266-ஐத் தாண்டியாயிற்று. அப்பாடா. எல்எல்எம் (சட்ட முதுகலை) முடித்து அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு ஃபெடரல் (மத்திய நீதிமன்ற) மேல்முறையீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முக்கால்வாசிப் பேர் ஜூரிஸ்டிக்‌ஷனிலேயே (எந்த நீதிமன்றம் எந்த வழக்கைக் கேட்கலாம் என்ற பகுதி) விழுந்து கிடந்துவிட்டு, இதைக் கடைசி வாரத்தில் புரட்டுகிறார்கள்.

ஃபெடரல் நீதிமன்றங்களைப் பற்றிய அரசியல் சாசனப் பிரிவான ஆர்ட்டிகிள் 3-ஐ வரிவரியாக உருப்போட வேண்டாம். ஒரு நீதிபதியின் பணி வரலாற்றை எடுத்து, அதன்மேல் விதிகளை ஏற்றுங்கள். டி.சி. சர்க்யூட் என்ற வாஷிங்டன் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி ஸ்ரீ ஸ்ரீனிவாசன் இதற்குக் கச்சிதம். சண்டிகரில் பிறந்தவர், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், வளர்ந்தது கேன்சஸில். வெளிநாட்டில் பிறந்தவர் ஃபெடரல் நீதிபதி ஆகலாமா? ஆகலாம். பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது அதிபர், துணை அதிபர் பதவிகளுக்குத்தான். நீதிபதிக்கு வயது, குடியுரிமை, சட்டப் பட்டம் எதையுமே அரசியல் சாசனம் கேட்கவில்லை. ஒபாமா 2012-இல் அவர் பெயரை முன்மொழிந்தார், செனட் ஒப்புதல் 2013 மே மாதம், 97-0. நன்னடத்தை உள்ளவரை பதவி, சம்பளத்தைக் குறைக்க முடியாது, நீக்க வேண்டுமானால் இம்பீச்மென்ட் (நாடாளுமன்றப் பதவிநீக்க நடவடிக்கை) தான். இதோடு 14 வருடப் பதவிக்காலம் உள்ள திவால் நீதிபதியை ஒப்பிட்டுவிட்டால் ஆர்ட்டிகிள் 1-இன்கீழ் நாடாளுமன்றம் உருவாக்கிய நீதிபதிகளுக்கு உள்ள வேறுபாடும் தெளிந்துவிடும்.

2020-இல் அவர் தலைமை நீதிபதியானபோது அவரைவிட மூத்தவர்கள் அதே நீதிமன்றத்தில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் 64 வயதைத் தாண்டியவர்கள். சட்டப்படி அந்த வயதுக்குட்பட்டவர்களில் மூத்தவருக்குத்தான் அந்தப் பதவி, அதிகபட்சம் 7 வருடம். இதைத் தேர்வில் கேட்கமாட்டார்கள், சுவாரஸ்யத்துக்காகச் சொன்னேன்.

இனி முக்கியமானது. மூவர் அமர்வு ஒரு கோப்பைத் திறந்ததும் யார் சொல்வது நியாயம் என்று பார்ப்பதில்லை. இந்த வழக்கைக் கேட்க நமக்கு அதிகாரம் உண்டா என்றுதான் முதலில் பார்க்கும். நீங்களும் அதே வரிசையில் போங்கள்.

இறுதித் தீர்ப்பா? பொதுவாக அதன்மேல்தான் மேல்முறையீடு. சம்மரி ஜட்ஜ்மென்ட் (முழு விசாரணை இல்லாமலே தரும் தீர்ப்பு) மறுப்பு இறுதியல்ல, புது விசாரணைக்கு உத்தரவிட்டதும் அல்ல. விதிவிலக்காக, இடைக்காலத் தடையுத்தரவைக் கொடுத்தாலும் மறுத்தாலும் உடனே மேல்முறையீடு செய்யலாம்.

மேல்முறையீடு செய்ய நாள் கணக்கு:
- சிவில்: தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 30 நாள்
- அமெரிக்க அரசு ஒரு தரப்பானால் 60
- கிரிமினலில் குற்றம்சாட்டப்பட்டவருக்கு 14
- கிளாஸ் சான்றளிப்பு (பலர் சார்பில் ஒரே வழக்காக நடத்த அனுமதிப்பது அல்லது மறுப்பது) உத்தரவின் மேல் மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்க 14, அரசு தரப்பானால் 45

பொறி வைப்பது ஃபெடரல் சிவில் நடைமுறை விதிகளின் ரூல் 59-இல். புது விசாரணை கேட்கும் மனுவை 28 நாளுக்குள் போட்டால், 30 நாள் கணக்கு அந்த மனு முடிவான பிறகே ஓடத் தொடங்கும். 29-ஆம் நாள் போட்டால் கணக்கு நிற்காது; அந்த 28 நாளை நீட்டிக்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை. மனு முடிவாகட்டும் என்று காத்திருந்தவரின் மேல்முறையீடு செத்துவிடும். கேள்வியில் இரண்டு தேதி தென்பட்டால் உடனே பென்சிலால் நாளை எண்ணுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கடைசியாக, மறுஆய்வு அளவுகோல்: கீழ்க்கோர்ட் முடிவை மேல்கோர்ட் எவ்வளவு கறாராகப் பார்க்கும் என்பது. சட்டக் கேள்வி என்றால் டி நோவோ (புதிதாகவே முடிவு செய்வது). நீதிபதி கண்ட உண்மை என்றால் கிளியர் எரர் (தெளிவான பிழை இருந்தால்தான் மாற்றுவது). சாட்சியத்தை ஏற்பதா விடுவதா போன்ற விருப்புரிமை என்றால் அபியூஸ் ஆஃப் டிஸ்க்ரிஷன் (அந்த உரிமையைத் தவறாகப் பயன்படுத்தினாரா என்று பார்ப்பது). கட்டுரையில் இதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். வாதத்தை முழுக்க எழுதிவிட்டு அளவுகோலைக் கடைசியில் ஒட்டவைத்தால், கிளியர் எரர் வழக்கை டி நோவோ போல அலசித் தள்ளியிருப்பது அப்போதுதான் தெரியும். திருத்த நேரம் இருக்காது.