கரோல் கிங்கைக் கேட்ட பிப்ரவரி

2024 பிப்ரவரி 9, வெள்ளி

இன்று அமெரிக்கப் பாடகியும் இசையமைப்பாளருமான கரோல் கிங்குக்கு 82 வயது நிறைகிறது. இந்த மாதம் வேறு யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்து, இந்தக் குறிப்புகளைத் தொடங்குகிறேன். நான் குடியிருக்கும் நியூயார்க்கின் ஃப்ளஷிங்கிலிருந்து அவர் படித்த குயின்ஸ் கல்லூரிக்குப் பேருந்தில் சிறிது நேரப் பயணம்தான். பவுன் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் நாட்களில் எல்லாம் அந்தப் பக்கம்தான் சுற்றுகிறேன். இருந்தும், அந்தக் கல்லூரிக்கும் அவருக்கும் இருக்கும் தொடர்பு இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தெரியாமல் இருந்தது வெட்கமாகத்தான் இருக்கிறது.

மன்ஹாட்டனில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தவர். இயற்பெயர் கரோல் கிளைன். தந்தை தீயணைப்பு வீரர், தாய் ஆசிரியை. பியானோவில் முதல் பாடம் தாயிடம்தான். 1958இல் கல்லூரியில் ஜெர்ரி காஃபின் என்ற வேதியியல் மாணவரைச் சந்தித்தார். அவரிடம் வரிகள் இருந்தன, மெட்டு இல்லை; இவரிடம் மெட்டு இருந்தது, வரிகள் இல்லை. 1959 ஆகஸ்டில் திருமணம் நடந்தபோது கரோலுக்கு வயது 17. அடுத்த மார்ச்சில் முதல் மகள் பிறந்துவிட்டாள்.

பிப்ரவரி 10, சனி

ஏழாம் எண் ரயிலைப் பிடித்து பிராட்வேக்குப் போய் வந்தேன். பாப் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் பாட்டெழுதுகிறவர்கள் குவிந்திருந்த இடமென்று 1619ஆம் எண்ணில் இருக்கும் பிரில் கட்டடத்தைச் சொல்வார்கள். ஆனால் கரோலும் காஃபினும் வேலை பார்த்தது இரண்டு தெரு தள்ளியுள்ள 1650ஆம் எண் கட்டடத்தில். முகவரி பிராட்வே என்றாலும் வாசல் 51ஆம் தெருவில் இருக்கிறது. தெரியாமல் முன்பக்கம் சிறிது நேரம் வாசலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் டான் கிர்ஷ்னரும் ஆல் நெவின்ஸும் நடத்திய ஆல்டன் மியூசிக் என்ற பாடல் பதிப்பு நிறுவனம் இருந்தது. ஒரு சுவர்ப் பியானோ, ஒரு பெஞ்சு, வரி எழுதுகிறவருக்கு ஒரு நாற்காலி. இவ்வளவுக்குத்தான் அறையில் இடம். பக்கத்து அறையில் இன்னொரு பாட்டெழுதும் தம்பதியான பேரி மேனும் சிந்தியா வைலும் தட்டிக்கொண்டிருப்பது சுவர் வழியே கேட்கும். யாருடைய பாட்டு அடுத்து விலைபோகும் என்ற போட்டி ஒரு பக்கம், சேர்ந்து சாப்பிடும் நட்பு ஒரு பக்கம். மெட்டுப் போட்டு முடித்ததும் அதைப் பாடகர்களுக்குக் காட்ட ஒரு டெமோ பதிவு செய்ய வேண்டும். நம் ஊர்த் திரையிசையில் ட்ராக் பாடுகிறவர்கள் உண்டல்லவா, அந்த வேலை. தன் பாடல்களுக்குக் கரோலே பியானோ வாசித்து, கரோலே ட்ராக் பாடினார். யாரோ ஒருவர் வந்து சரியாகப் பாடப்போகும் பாட்டை, இதுதான் மெட்டு என்று காட்டிவிட்டு விலகிக்கொள்ளும் குரல் அது. பத்து ஆண்டுகள் அவருடைய குரலுக்கு வாய்த்த வேலை பெரும்பாலும் இதுதான்.

இதே பிராட்வேயில்தான் 1967இல் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் தன் காரை நிறுத்தி, பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று காஃபினிடம் கேட்டு, 'நேச்சுரல் வுமன்' என்ற தலைப்பையும் கையோடு கொடுத்துவிட்டுப் போனார். அன்றிரவே வீட்டில் பாட்டு பிறந்தது. மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று நாம் இன்னும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்க, அவர்கள் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் முடித்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

காலையிலிருந்து பனி. பள்ளிகள் எல்லாம் இணையவழி ஆகிவிட்டன. எனக்கும் வெளியே போகும் வேலை இல்லை. மின்பியானோவின் முன் உட்கார்ந்து 'இட்ஸ் டூ லேட்' பாடலைப் பிடித்துப் பார்த்தேன்.

தொடக்கத்தில் இரண்டே கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்: ஏ மைனர் ஏழு, டி ஆறு. இவை மாறி மாறி வரும்போது, சோம்பலான ஒரு காலையில் படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் கிடப்பவளின் சலிப்பு வந்துவிடுகிறது. பல்லவியில் பி ஃபிளாட் மேஜர் ஏழுக்கு ஏறி, எஃப் மேஜர் ஏழுக்கு இறங்குகிறது. முடிந்துபோன உறவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சோகம் தொனிக்கும் மைனரை விட்டுவிட்டு வெளிச்சமான மேஜருக்குப் போவதை என் விரல்கள் முதலில் ஏற்கவில்லை. மூன்று முறை பழைய இடத்துக்கே திரும்பிப் போயின. நான்காம் முறைதான் புரிந்தது: அவள் அழவில்லை, ஒரு பெருமூச்சு விட்டு ஒப்புக்கொள்கிறாள். அந்த மேஜர் ஏழு அந்தப் பெருமூச்சு.

இந்த வரிகளை எழுதிய டோனி ஸ்டெர்ன் சென்ற மாதம்தான் காலமானார். செய்தியில் அவருடைய பெயரைப் பார்த்தபோது, இந்தப் பாட்டை முழுக்கக் கரோலுடையது என்றே நான் நினைத்திருந்தது உறுத்தியது. மெட்டும் குரலும் ஒருவருடையதாக இருந்துவிட்டால் வரி எழுதியவரை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம்.

பிப்ரவரி 15, வியாழன்

கசப்பான ஒன்றையும் எழுதிவைக்க வேண்டும். காதலன் அடித்ததை அன்பின் அடையாளமாகச் சொல்லும் ஒரு பாடலைக் காஃபினும் கரோலும் 1962இல் கிரிஸ்டல்ஸ் குழுவுக்காக எழுதினார்கள். அவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஈவா பாய்ட் தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லக் கேட்டு எழுதியது. அந்தப் பாட்டில் தனக்குப் பங்கு இருந்ததற்காகக் கரோல் பின்னாளில் வருந்தினார். 1970களில் மூன்றாவது கணவரிடம் தானே அடிபட்டதைத் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதியவர் அவர். நான் அந்தப் பாட்டை இன்று ஒருமுறை கேட்டேன். இனி கேட்க மாட்டேன்.

அதே ஈவா பாய்ட்தான் லிட்டில் ஈவாவாகி, அதே 1962இல் 'லோகோமோஷன்' பாடி முதலிடம் பிடித்தவர். டெமோவுக்காகப் பாடிய குரல் அப்படியே இசைத்தட்டாகிவிட்டது. ட்ராக் பாடியவருக்கே பாட்டு கிடைத்த கதை அது. ஆனால் பின்னாளில் வறுமையில்தான் வாழ்ந்தார்.

பிப்ரவரி 17, சனி

மீண்டும் பனி. 'வில் யூ லவ் மீ டுமாரோ' பாடலின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டேன்.

முதலாவது ஷிரெல்ஸ் குழுவினுடையது. கரோல் மெட்டை ஒலிநாடாவில் பதிந்து வைத்துவிட்டு வெளியே போக, வீடு திரும்பிய காஃபின் அதைக் கேட்டு வரிகளை எழுதினார். இன்றிரவு நீ என்னுடையவன், நாளையும் என்னை விரும்புவாயா என்று ஓர் இளம்பெண் கேட்கும் கவலையை எழுதியவர் ஓர் ஆண் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. வயலின்களுக்கான இசைக்கோவையை எழுதியவர் கரோல். 1961 ஜனவரியில் அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல்முறை. கரோலுக்கு அப்போது 18 வயது, கையில் ஒரு வயதுகூட நிறையாத குழந்தை.

இரண்டாவது, 'டேப்பஸ்ட்ரி' தொகுப்புக்காகக் கரோலே பாடியது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் காஃபினுக்கு வேறொரு பெண்ணிடம் குழந்தை பிறந்தது, அவருடைய மனநலம் குலைந்தது, மணவாழ்க்கை முறிந்தது. கரோல் இரண்டு மகள்களை அழைத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸின் லாரல் கேன்யனுக்குக் குடிபெயர்ந்தார். 1971 ஜனவரியில் ஏ அண்ட் எம் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவு நடந்தபோது, அதே வளாகத்தில் பாடகி ஜோனி மிட்செல் தன் 'ப்ளூ' தொகுப்பைப் பதிவு செய்துகொண்டிருந்தார். அவரும் பாடகர் ஜேம்ஸ் டெய்லரும் வந்து இந்தப் பாட்டுக்குப் பின்குரல் கொடுத்தார்கள். வேகம் பாதியாகிவிட்டது. ஷிரெல்ஸ் பாடும்போது அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வரக்கூடும் என்று தோன்றுகிறது. கரோல் பாடும்போது பதிலைத் தெரிந்துகொண்டவர் பழைய கேள்வியை எடுத்துப் பார்ப்பது போல இருக்கிறது. வரிகள் ஏறக்குறைய அவையேதான்.

தயாரிப்பாளர் லூ ஆட்லர் செய்த புத்திசாலித்தனம், கரோலின் டெமோக்களில் இருந்த எளிமையைக் கெடுக்காமல் விட்டது. பியானோ முன்னால் நிற்கிறது, மற்ற கருவிகள் அடக்கமாகப் பின்னால். உச்சியில் குரல் சற்றுக் கரகரக்கிறது, அதையும் செப்பனிடவில்லை. அரீத்தாவின் குரலுக்குப் பக்கத்தில் வைத்தால் அது சாதாரணக் குரல்தான். ஆனால் பாட்டு எழுதியவரே பக்கத்தில் உட்கார்ந்து, இப்படித்தான் போகும் பார் என்று பாடிக்காட்டும் நெருக்கம் அதில் இருக்கிறது. ட்ராக் பாடிப் பாடிப் பழகிய குரல் என்பதால்தான் அது தன்னை முன்னால் தள்ளிக்கொள்ளவில்லை என்பது என் கணிப்பு.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று எண்கள் மட்டும். 'டேப்பஸ்ட்ரி' 1971 பிப்ரவரி 10 அன்று, அவருடைய 29ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள் வெளியானது. தொடர்ந்து 15 வாரங்கள் முதலிடம். 1972இல் நான்கு கிராமி விருதுகள். ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருது 'யூவ் காட் அ ஃப்ரெண்ட்' பாடலுக்கு. விழாவுக்கு அவர் போகவில்லை. கைக்குழந்தையோடு வீட்டில் இருந்துவிட்டார், லூ ஆட்லர் போய் வாங்கி வந்தார்.

பிப்ரவரி 24, சனி

நேற்றிரவு, கலைஞர்களைக் கௌரவிக்கும் கென்னடி மைய விழாவின் 2015ஆம் ஆண்டுக் காணொளியைப் பார்த்தேன். கௌரவிக்கப்படும் கரோல் மாடத்தில் ஒபாமாவின் வரிசையில் இருக்கிறார். 73 வயது அரீத்தா நீண்ட மென்மயிர் அங்கியோடு வந்து, தானே பியானோவில் அமர்ந்து 'நேச்சுரல் வுமன்' பாடலைத் தொடங்குகிறார். கடைசியில் எழுந்து வந்து அங்கியைத் தரையில் நழுவவிடுகிறார். ஒபாமா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கரோல் தலையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாட்டை முதன்முறை கேட்பவர் போலத் துள்ளுகிறார். தன் பாட்டைப் பிறர் பாடக் கேட்பதில் இவ்வளவு ஆனந்தம் அடைபவரை நான் பார்த்ததில்லை.

இன்று கோயிலுக்குப் போய், கீழே உணவகத்தில் தோசை சாப்பிட்டுவிட்டு, கிஸ்ஸீனா சாலை வழியாகக் குயின்ஸ் கல்லூரிக்கு நடந்தே போனேன். 1970இல் ஜேம்ஸ் டெய்லர் இங்கே கச்சேரி செய்ய வந்தார். அவருடைய குழுவில் பியானோ வாசிக்கக் கரோலும் வந்திருந்தார். 'அப் ஆன் த ரூஃப்' பாடலை இன்று நீங்களே பாடுங்கள் என்று டெய்லர் நிகழ்ச்சிக்குச் சற்று முன்னால் சொல்ல, கரோல் மறுத்திருக்கிறார். ஆனாலும் டெய்லர் மேடையில், இந்தப் பாட்டை எழுதியவர் இவர், உங்கள் கல்லூரியில் படித்தவர் என்று அறிமுகப்படுத்திவிட்டார், தப்பிக்க வழியில்லை. ட்ராக் பாடிக்கொண்டிருந்தவர், காஃபினைச் சந்தித்த அதே இடத்தில், முழுப் பாட்டையும் தன் பாட்டாகப் பாடினார்.

வளாகத்தில் சனிக்கிழமை அமைதி. வழியோரம் அழுக்கேறிய பனி. பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, அதே ஆண்டு வெளிவந்த அவருடைய முதல் தனித்தொகுப்பிலிருந்து அந்தப் பாட்டைப் போட்டேன். பியானோ தொடங்கி, குரல் இரண்டாவது சரணத்துக்குப் போவதற்குள் பேருந்து வந்துவிட்டது. மீதியைக் கம்பியைப் பிடித்து நின்றபடியே கேட்டுக்கொண்டு வீடு வந்தேன்.