மூன்றாண்டுத் துணைவேந்தர்: மால்கம் ஆதிசேஷையா

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று ஆண்டு. இளங்கலைப் பட்டப்படிப்பும் மூன்று ஆண்டு. இந்தக் கணக்கை முதலில் மனதில் வைத்துக்கொண்டால்தான் மால்கம் ஆதிசேஷையா 1975 முதல் 1978 வரை துணைவேந்தராகச் செய்தது புரியும். ஒரு பாடத்திட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் பாடக்குழு கூடி வரைவு எழுத வேண்டும், கல்விக்குழு ஏற்க வேண்டும், பிறகு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டுக்குப் போக வேண்டும். கோப்பு எங்கும் நிற்காமல் நகர்ந்தால்கூட ஒரு கல்வியாண்டு கழிந்துவிடும். புதிய பாடத்தைப் படித்த முதல் அணி பட்டம் வாங்கும் நாளில், அதைத் தொடங்கி வைத்தவர் பதவியில் இருக்கமாட்டார்.

அவர் இந்தப் பதவிக்கு வந்த வழி வழக்கமானதல்ல. 1910-ல் வேலூரில் பிறந்து, தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பொருளியல் துறையை நடத்தியவர். 1948-ல் ஐ.நா.வின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவில் சேர்ந்தார். அங்கே தொழில்நுட்ப உதவித் துறையை உருவாக்கி நடத்தி, 1963 முதல் 1970 வரை துணைத் தலைமை இயக்குநராக இருந்தார். எந்த ஒரு நாட்டு அரசுக்கும் கட்டுப்படாத, உலக அமைப்பின் மூத்த நிர்வாகி. ஐ.ஏ.எஸ். அதிகாரி துணைவேந்தராக வருவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. மாவட்ட ஆட்சியருக்கு உத்தரவு போடும் அதிகாரம் இருக்கிறது. யுனெஸ்கோ அதிகாரிக்கு அது கிடையாது. எதையும் உறுப்பு நாட்டின் சம்மதத்தோடுதான் செய்ய முடியும். பேராசிரியர்களும் கல்லூரி முதல்வர்களும் நிறைந்த சபைகளை நடத்த இந்த இரண்டாவது பழக்கமே உதவும் என்பது என் கருத்து.

தொழில்நுட்ப உதவித் திட்டம் என்பது மூன்று கால் முக்காலி. வெளியிலிருந்து ஒரு வல்லுநர் வருவார். அவருக்கு வேண்டிய கருவிகள் வரும். உள்ளூர்க்காரர் ஒருவர் உதவித்தொகையில் வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்று வருவார். வல்லுநர் கிளம்புவதற்குள் வேலையை ஏற்றுக்கொள்ளும் இணை அலுவலராக அந்த உள்ளூர்க்காரர் அமர்ந்துவிட வேண்டும். திட்டம் கெடுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது காலில்தான். அரசு இணை அலுவலரை நியமிக்காது. நியமித்தாலும் பயிற்சி முடிந்து திரும்பியவரை வேறு துறைக்கு மாற்றிவிடும். வல்லுநரின் ஒப்பந்தம் முடிந்ததும் கருவி பெட்டியிலேயே கிடக்கும். பணத்திலும் சிக்கல் இருந்தது. உறுப்பு நாடுகள் ஆண்டுக்கு ஆண்டு விருப்பப்பட்டு உறுதியளிக்கும் தொகையை நம்பி, பல ஆண்டு வேலையைத் திட்டமிட வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது அளவு மீறி வளர்ந்திருந்த ஒரு பல்கலைக்கழகம். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் தெற்கு மாவட்டங்களை எடுத்துக்கொண்டது. ஆனால் கோவையும் திருச்சியும் இன்னும் சென்னையின் கீழேதான். பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்கள் வந்தது 1982-ல். இணைப்புக் கல்லூரி அத்தனைக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள், ஒரே திருத்தும் முறை. வகுப்பில் பாடம் நடத்துபவருக்கு வினாத்தாளில் எந்தப் பங்கும் இல்லை. ஆகவே அவர் நடத்துவதும் மாணவர் படிப்பதும் பழைய வினாத்தாள்களை ஒட்டியே போகும். இதற்கு நடுவே அரசும் மாறிக்கொண்டிருந்தது. கருணாநிதி ஆட்சி 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டது, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது, 1977-ல் எம்.ஜி.ஆர். முதல்வரானார். மூன்றே ஆண்டில் மூன்று ஆட்சி.

இந்தியக் கல்வி முறையை ஆராய்ந்த கோத்தாரி குழு 1966 அறிக்கையிலேயே சொல்லியிருந்த தன்னாட்சிக் கல்லூரிகள் என்ற யோசனை 1978-ல் இங்கே நடைமுறைக்கு வந்தது. லயோலா, கிறித்துவக் கல்லூரி போன்றவை முதல் அணி. ஏற்பாடு இதுதான்: கல்லூரியே பாடக்குழு அமைத்துப் பாடம் வகுக்கும், பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி அதில் இருப்பார். கல்லூரியே வினாத்தாள் தயாரித்து, தேர்வு நடத்தி, திருத்தி, முடிவை வெளியிடும். பட்டச் சான்றிதழை மட்டும் பல்கலைக்கழகம் தரும். துணைவேந்தர் மாறினாலும் இந்த வேலை நிற்காது, ஏனென்றால் அது அவருடைய மேசையில் இல்லை. இணை அலுவலரை அமர்த்திவிட்டுக் கிளம்பும் வேலையாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

தன்னாட்சியில் எது கெடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறிய துறையில் பாடம் நடத்துபவரே வினா எடுத்து, அவரே திருத்துவார்; கல்லூரிக்குள்ளேயே போடும் அகமதிப்பீட்டு மதிப்பெண் மெல்ல மெல்ல எல்லாருக்கும் ஏறும். ஒரு பகுதி வினாத்தாளை வெளியாரிடம் எடுக்கச் சொல்வதும், வெளியார் மறுமுறை திருத்துவதும் இதற்காகத்தான். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் வேலை முழுநேர வேலை. அதை வகுப்புச் சுமை குறைக்காமல் ஓர் ஆசிரியரின் தலையில் வைத்தால் முடிவுகள் தாமதமாகும், தவறும் வரும்.

அதே 1978-ல் மேல்நிலைக் கல்வி பற்றிய தேசிய மறுஆய்வுக் குழுவுக்கும் அவரே தலைவர். தொழிற்கல்விக்கு அழுத்தம் கொடுத்த அறிக்கை அது. தமிழ்நாட்டிலும், பட்டப்படிப்புக்கு முன் ஓராண்டு படித்த புகுமுக வகுப்பு கல்லூரியை விட்டுப் பள்ளிக்கு வந்து பிளஸ் டூ ஆனது அந்த ஆண்டுதான். கல்லூரிகளில் ஓர் ஆண்டு மாணவர் கூட்டமே இல்லாமல் போனது, விரிவுரையாளர்களின் பாட நேரம் சுருங்கியது. பள்ளிகளிலோ முதுகலை ஆசிரியரும் ஆய்வகமும் திடீரென்று வேண்டியிருந்தது.

யுனெஸ்கோவிலிருந்து திரும்பியதும் 1971-ல் அடையாறு காந்தி நகரில் சொந்தப் பணத்தைப் போட்டு அவர் தொடங்கியது சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். துணைவேந்தராக இருக்கும்போதே, 1977-ல், இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தின் ஆதரவோடு அதை தேசிய நிறுவனமாக மாற்றி அமைத்தார். 1978-ல் கிறித்துவக் கல்லூரிப் பொருளியல் பேராசிரியர் சி.டி. குரியன் அதன் இயக்குநரானார். ஆதிசேஷையா மாநிலங்களவை நியமன உறுப்பினராக டெல்லி போனார்.