நைனாவின் துப்பாக்கி வீடு வந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்ப வேண்டாம். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. லைசென்ஸ் வாங்கி வேட்டைக்குப் போக மிச்சமிருந்த வழியும் 1991 திருத்தத்தோடு அடைபட்டது. நான் எழுதுவது, பதினொரு மாதம் அலைந்து ஒரு பழைய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றிய கதை.

எங்கள் ஊர் ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். நைனா, அதாவது என் அப்பா, சின்னப் பையனாக இருந்தபோது தாத்தாவுக்குக் கார்பைடு விளக்கு பிடித்துக்கொண்டு முயலுக்கும் கௌதாரிக்கும் போனவர். சட்டம் வந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. அத்தோடு விட்டார். 1983-ல் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் எடுத்தார். அந்தப் புத்தகத்தில் இன்னும் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றுதான் முத்திரை இருக்கிறது. அதற்கப்புறம் மருந்து மட்டும் கெட்டித்து, ரவை போடாமல், வானத்தைப் பார்த்து ஒரு வெடி. பன்றி ஓடும், அவ்வளவுதான். ஆனால் வேட்டைப் பேச்சை மட்டும் விடவில்லை. "ஒரு நாள் கவர்மெண்டே கூப்ட்டு சுடச் சொல்லும் பாரு" என்பார்.

2024 மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்ததும், எப்போதும்போல துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். ரசீது கொடுத்தார்கள். மே மாதம் நைனாவுக்கு ஸ்ட்ரோக். வலது கை, வலது கால், பாதிப் பேச்சு போய்விட்டது. என் மனைவியின் நகை கடைக்குப் போனது. இரண்டு ஏக்கரும் தரிசாகக் கிடந்தது. அந்த ஆவணியில் எனக்குச் சர்க்கரை ஏறி, வலது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு கட்டில், இரண்டு நோயாளி. இதில் துப்பாக்கி ஞாபகம் யாருக்கு வரும்?

நைனாவுக்கு வந்தது. பேச்சு கொஞ்சம் திரும்பியதும் அவர் கோர்வையாகச் சொன்ன முதல் வாக்கியம், "இன்னாடா, வந்துச்சா?" என்பதுதான். என்ன வந்துச்சா என்று எங்களுக்குப் புரியவே இரண்டு நாள் ஆனது.

2025 ஜனவரியில் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டையா நல்ல மனிதர். லைசென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டிசம்பர் 31-ஓட முடிஞ்சிபோச்சேப்பா. காலாவதி ஆன லைசென்சுக்குத் துப்பாக்கியைக் குடுத்தா என் தலை போயிடும்" என்றார். அவர் சொன்னது சரி. புதுப்பிக்கும் மனுவைக் காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் நான் கால் கட்டோடு கிடந்தேன். 'ரசீது எங்கே?' என்று அடுத்த கேள்வி. அதுவும் இல்லை.

ரசீதை வீடு முழுக்கத் தேடினோம். பீரோ, அரிசி டிரம், சாமி படத்துக்குப் பின்னால். கடைசியில் நைனாவின் ஆஸ்பத்திரி ஃபைலில், டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் ஸ்கேன் கவருக்கும் நடுவே நான்காக மடித்துக் கிடந்தது. கண்டுபிடித்தது மனைவி. எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அதுதான்.

எழுபது வயதான ஒருவரோ, இருபத்தைந்து வருடம் துப்பாக்கி வைத்திருந்தவரோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016 ஆயுத விதிகளில் இடம் இருக்கிறது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. செத்தால்தான் மாற்றலாம் என்று நினைத்து ஸ்டேஷனிலேயே துருப்பிடிக்க விடுகிறார்கள். நைனாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தன. சரி, சுலபம் என்று நினைத்தேன்.

மனுவை வாங்கும் சீட்டில் இருந்தவரைப் பற்றி என்ன சொல்ல? எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. நைனாவின் சம்மதக் கடிதத்தைப் பார்த்தார், பழைய லைசென்ஸைப் பார்த்தார். "கையெழுத்து ஒத்துப் போகலையே?" வலது கை விழுந்துவிட்டது சார், இடது கை பெருவிரல் ரேகை வைத்திருக்கிறோம் என்றேன். "அப்ப இது கையெழுத்தே இல்லையே. லைசென்ஸ்தாரர் நேர்ல வரட்டும்" என்றார்.

வாடகைக் கார் 1800 ரூபாய். நைனாவை நானும் தம்பியும் ஆளுக்கொரு தோளாகத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார வைத்தோம். அவர் வெள்ளை வேட்டி, சட்டையெல்லாம் போட்டு, சவரம் செய்துகொண்டு வந்திருந்தார், ஏதோ பெண் பார்க்கப் போவதுபோல. பகல் இரண்டு மணி வரை உட்கார்ந்தோம். அதற்கப்புறம் உள்ளேயிருந்து வந்த பதில், "ஆபீசர் கேம்ப் போயிட்டார், நாளைக்கு வாங்க." திரும்பி வரும்போது நைனா ஒன்றுமே பேசவில்லை. வீட்டு வாசலில் இறக்கும்போது, "அந்த மரத்துல கௌதாரி சத்தம் கேட்டுது" என்றார். அந்த மரத்தில் காக்கைதான் இருந்தது. நான் "ஆமா நைனா" என்றேன்.

இந்த இடத்தில் ஒரு யோசனை. ஆளைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். அடுத்த வாரம் ஊரில் ஒரு ரிடையர்டு வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். வைத்தியம் பார்த்த டாக்டரிடம் 'வலது கை செயலிழப்பு, சுயநினைவு உண்டு' என்று ஒரு சான்று. நோட்டரி வீட்டுக்கே வந்து, இரண்டு சாட்சி முன்னால் ரேகை. அதை இணைத்ததும் அதே சீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார். அந்த 1800 ரூபாயை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

தம்பி ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க ஒரு மாதம் இழுத்தான். "துப்பாக்கி உனக்கு, கடன் ரெண்டு பேருக்கா?" என்றான். அது எங்கள் வீட்டுச் சண்டை, இங்கே வேண்டாம். கடைசியில் அம்மா அழுதாள், அவன் கையெழுத்துப் போட்டான்.

பிறகு என் உடல் தகுதிச் சான்று. அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது, எஸ்-3. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போய் ஒரு நாள் வீணானது எனக்கு. மனநிலை, உடல்நிலை, போதைப் பழக்கம் இல்லை என்று மூன்றும் அதில் வர வேண்டும். முதலில் பார்த்த டாக்டர் கால் விரலைப் பார்த்துத் தயங்கினார். இன்னொருவரிடம் போனேன். அவர் வயதானவர். கண்ணைச் சோதித்தார், சர்க்கரை அளவைப் பார்த்துத் திட்டினார், கடைசியில், "துப்பாக்கியைக் காலாலயா சுடப் போறே?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவும் முடிந்து ஜூனில் கோப்பு நகரும்போதுதான் பெரிய அடி விழுந்தது. நிலப் பதிவுகளைக் கேட்டார்கள். நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா சரி. என்ன பயிர் என்று எழுதும் அடங்கலில் 'தரிசு' என்று இருந்தது. வி.ஏ.ஓ. மேல் தப்பில்லை, தரிசாகத்தானே கிடந்தது. ஆனால் சீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "பயிரே இல்லாத நிலத்துல எந்தப் பயிரைப் பாதுகாக்கப் போறீங்க?"

நியாயமான கேள்வி என்பதால்தான் கோபம் அதிகமாக வந்தது. பன்றி தின்றதால் நஷ்டம், நஷ்டத்தால் கடன், கடனோடு ஆஸ்பத்திரி, அதனால் தரிசு. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது? நைனாவிடம் சொன்னேன். அவர் இடது கையால் கட்டிலைத் தட்டி, "ஆடிப்பட்டம் வருதுல்ல, போடு" என்றார்.

மச்சினனிடம் விதைக்காய் கடன் வாங்கி, மானாவாரியாக ஒரு ஏக்கர் மல்லாட்டை போட்டேன். நான்கு விரல் பலத்தில் நடக்கிறவன் ஏர் பிடிக்க முடியாது, டிராக்டருக்கும் கடன். முளைத்தது. பூத்தது. அடங்கலில் 'நிலக்கடலை' என்று ஏறியது. அந்த நகலை வாங்கிய அன்று ராத்திரியே பன்றிக் கூட்டம் வந்து கிழக்குப் பக்கம் கால் ஏக்கரை உழுதுவிட்டுப் போனது. காலையில் போய்ப் பார்த்தபோது அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. பயிர் இருந்ததற்கு அடங்கல் சாட்சி, பாதுகாப்பு தேவை என்பதற்குப் பன்றி சாட்சி. போட்டோ எடுத்து அதையும் மனுவோடு கொடுத்தேன்.

போலீஸ் விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்தது. காலதாமதத்துக்கு விளக்கக் கடிதமும் டிஸ்சார்ஜ் சம்மரியும் போதும் என்றார்கள். பழைய புத்தகத்தில் வேலூர் தாலுகா, ரேஷன் கார்டில் அணைக்கட்டு தாலுகா என்று இருந்ததற்கு ஒரு நாள் கூடுதலாகப் போனது.

நடுவில் ஒரு விஷயம். 2025 ஜனவரியில்தான் காட்டுப்பன்றியைச் சுடுவது பற்றி அரசு முடிவு வந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்றுக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். பேப்பரை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம கொல்லி எவ்ளோ தூரம்?" என்றார். எங்கள் கொல்லை வரப்பில் நின்று கல்லெறிந்தால் காட்டில் விழும். "பக்கத்துலதான் நைனா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னைக்கு மூணு கிலோமீட்டர். கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வரும்" என்றார். வராது என்று எனக்குத் தெரியும். வனத்துறை ஆள் சுடுவது வேறு, நாம் சுடுவது வேறு. விளக்கவில்லை.

கார்த்திகை மாதம் லைசென்ஸ் என் பெயரில் வந்தது. ரசீதைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கி, கோணிப்பையில் சுற்றி, தம்பி வண்டியில் பின்னால் உட்கார்ந்து கொண்டுவந்தேன். நம்பரைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே என் துப்பாக்கியோடு இன்னும் இரண்டு பேருடையதைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள்.

நைனாவின் மடியில் வைத்தேன். இடது கையால் குழலைத் தடவினார், விரலை மூக்கருகே கொண்டுபோனார். "ஒரு சொட்டு எண்ணெ போடலியே, பாவிங்க" என்றார். அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்தாள். பழைய வேட்டித் துணியை நான் பிடித்துக்கொள்ள, அவர் இடது கையாலேயே ஒரு மணி நேரம் துடைத்தார். துரு போகவில்லை, கொஞ்சம் மங்கியது.

அடுத்த தேர்தல் வரும். தேதி அறிவித்ததும் திரும்பவும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை. ரசீதுக்கு மூன்று ஜெராக்ஸ் என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். ஒன்று அரிசி டிரம்மில்.