அந்த 14 நாள் மாத்திரை

ரத்தப் பரிசோதனையில் விவாக்ஸ் மலேரியா என்று தெரிந்த அன்றே இரண்டு வகை மாத்திரை கொடுத்தார்கள். குளோரோகுயின் 3 நாளைக்கு, 4, 4, 2 என்ற கணக்கில். பிரைமாகுயின் தினமும், 14 நாளைக்கு. முதல் தடவை நான் அந்த 14 நாளை முடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குளோரோகுயின் அப்படி ஒரு கசப்பு. முதல் நாள் விழுங்கிய பத்தாவது நிமிடமே வாந்தி. போன் செய்து கேட்டேன். அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அந்த வேளை மாத்திரையைத் திரும்ப முழுதாகப் போட வேண்டும் என்றார்கள். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போட்டேன், தங்கியது.

அன்று இரவு அரிப்பு தொடங்கியது. உள்ளங்கை, உள்ளங்கால், தலை என்று ஊசியால் குத்துவது போல இருந்தது. தோலில் தடிப்போ சிவப்போ எதுவும் இல்லை, சொறிந்தாலும் அடங்கவில்லை. அலர்ஜி என்று பயந்துபோய் மறுநாள் ஓடினேன். கருத்த தோல் உள்ளவர்களுக்குக் குளோரோகுயினால் இப்படி அரிப்பது சகஜம், முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோதான் உடனே வர வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அரிப்புக்குக் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்ததே தவிர அரிப்பு முழுதாகப் போகவில்லை. இரண்டு நாளில் தானாகத் தணிந்தது. இடையில் சில மணி நேரம் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன, அதுவும் சரியாகிவிட்டது. விழித்திரை கெடுவது இந்த மருந்தை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு உள்ள ஆபத்து, 3 நாளுக்குப் பயப்பட வேண்டாம் என்றார்.

பிரைமாகுயினில்தான் தவறு செய்தேன். காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தேன். வயிறு முறுக்கிப் பிடித்தது. ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டேன், காய்ச்சல்தான் போய்விட்டதே என்று. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் அதே குளிர், அதே நடுக்கம்.

இந்தத் தடவை வேறு டாக்டர், உட்கார வைத்துப் பேசினார். ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் குளோரோகுயின் கொன்றுவிடும். ஆனால் விவாக்ஸ் கிருமியில் சில கல்லீரலில் தூங்கிக் கிடக்கும், அவற்றைக் குளோரோகுயின் தொடாது, அதற்குத்தான் பிரைமாகுயின் என்றார். புதிதாகக் கொசு கடித்தும் வந்திருக்கலாம், பாதியில் விட்டதால் அந்தப் பழைய கிருமி எழுந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்.

அப்புறம் ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனைக்கு எழுதினார். இந்த நொதி குறைவாக இருப்பவர்களுக்குப் பிரைமாகுயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும். அவர்களுக்கு வாரம் ஒரு முறை வீதம் 8 வாரம் கண்காணிப்போடு கொடுக்கும் முறை வேறு. கர்ப்பமாக இருக்கிறேனா என்றும் கேட்டார், இருந்தால் இந்த மருந்து கூடாதாம். முதல் தடவை இதில் ஒன்றையுமே யாரும் கேட்கவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு. மாத்திரையைக் கையில் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் அல்லவா இவை?

எனக்கு நொதி சரியாக இருந்தது. இந்த முறை வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே மாத்திரை போட்டேன். வலி லேசான சங்கடமாகக் குறைந்தது. ஒன்பதாம் நாள் மட்டும் மறுபடி பிடித்தது. நிறுத்தாமல் டாக்டரைக் கூப்பிட்டேன். சிறுநீர் என்ன நிறம் என்றுதான் முதலில் கேட்டார். வழக்கமான நிறம்தான் என்றேன், தொடரச் சொன்னார். தினமும் காலையில் நிறத்தைப் பார்த்து நாள்காட்டியில் குறித்துவந்தேன்.

14-வது மாத்திரை முடிந்ததும் காலி அட்டையோடு போனேன். திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், கிருமி இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, காய்ச்சல் திரும்பவில்லை.