மூடினேன், மூடியிருக்கிறேன், மூடிக்கொண்டிருந்தேன்

ஆங்கில டென்ஸ் என்றதும் எல்லோரும் முதலில் போடுவது பன்னிரண்டு கட்ட அட்டவணையைத்தான். மேலே பாஸ்ட், பிரசென்ட், ஃபியூச்சர். பக்கத்தில் சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ். ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் என்னிடம் படிக்க வருகிறவர்கள் பலருடைய நோட்டில் அந்த அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது. ஊரிலேயே எழுதி எடுத்து வந்திருக்கிறார்கள். ‘கோ, வென்ட், கான்’ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் சைட்டில் சூப்பர்வைசர் ‘டிட் யூ செக் தி ஸ்லிங்?’ (பொருளைத் தூக்கக் கட்டும் பட்டையைப் பார்த்தாயா?) என்று கேட்டால் ‘யெஸ் சார், செக்’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பார்த்துவிட்டாரா, பார்த்துக்கொண்டிருக்கிறாரா, இனிமேல்தான் பார்க்கப் போகிறாரா? அந்த ஒற்றைச் சொல்லை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நான் வேலை பார்ப்பது ஒரு கட்டுமான நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில். பர்மிட் (வேலை தொடங்குவதற்கான எழுத்து அனுமதி), டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலைக்கு முன் நடக்கும் சிறு பாதுகாப்புக் கூட்டம்) பதிவு, ‘நியர் மிஸ்’ (விபத்தாகாமல் நூலிழையில் தப்பிய சம்பவம்) அறிக்கை என்று காகிதமாகவே வந்து குவியும் மேசை என்னுடையது. சிங்கப்பூரில் கிரேனை வைத்துப் பொருள் தூக்குவதற்கும், 1.5 மீட்டருக்கு மேல் ஆழமாகக் குழி தோண்டி அதற்குள் இறங்கி வேலை செய்வதற்கும் முதலில் பர்மிட் வேண்டும். ஒருவர் சரிபார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவார், அடுத்தவர் அதை நம்பி உள்ளே போவார். அந்த நம்பிக்கை முழுவதும் ஒரு வினைச்சொல்லின் வாலில் தொங்குகிறது. ஆங்கில டென்ஸ் எனக்கு வெறும் இலக்கணப் பாடமாகத் தெரியாமல் போனது இதனால்தான்.

சரி, வகுப்பில் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். அட்டவணையை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு டாங்கையும் ஒரு வால்வையும் பலகையில் வரைவேன். டாங்குக்குள் ஒருவர் இறங்கப் போகிறார். வெளியே நிற்கிறவர் வால்வைப் பற்றி என்ன சொன்னால் அவர் தைரியமாக இறங்கலாம்?

‘ஐ குளோஸ் தி வால்வ்’ என்றால் அது என் வழக்கமான வேலை, தினமும் மூடுவேன் என்று பொருள். இன்றைக்கு மூடினேனா என்பது அதில் இல்லை. ‘ஐ குளோஸ்ட் தி வால்வ் அட் டென்’ என்றால் பத்து மணிக்கு மூடினேன். நடந்தது உண்மை, ஆனால் அதற்குப் பிறகு யாராவது திறந்தார்களா என்று இந்த வாக்கியம் சொல்லாது. ‘ஐ ஹேவ் குளோஸ்ட் தி வால்வ்’ என்றால் மூடியிருக்கிறேன், இப்போதும் அது மூடித்தான் இருக்கிறது என்ற உறுதி கூடவே வருகிறது. இறங்குகிறவர் காதில் விழ வேண்டியது இதுதான். ‘ஐ வாஸ் குளோசிங் தி வால்வ் வென் தி அலாரம் ரேங்’ என்றால் மூடிக்கொண்டிருந்தபோது அலாரம் அடித்தது, வேலை முடிந்ததா தெரியாது. ‘ஐ ஹேட் குளோஸ்ட் தி வால்வ் பிஃபோர் தி அலாரம் ரேங்’ என்றால் அலாரம் அடிப்பதற்கு முன்பே மூடியிருந்தேன்.

இந்த வேறுபாடுகள் எல்லாமே தமிழில் இருக்கின்றன. மூடுவேன், மூடினேன், மூடியிருக்கிறேன், மூடிக்கொண்டிருந்தேன், மூடியிருந்தேன். நம் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகூட இவற்றை மாற்றிச் சொல்லாது. ‘எனக்கு டென்ஸ் வராதுக்கா’ என்று சொல்கிற தம்பிகளிடம் நான் சொல்வது இதைத்தான்: கால உணர்வு உங்களிடம் முழுசாக இருக்கிறது, ஆங்கிலத்தில் அதை எங்கே ஒட்டுவது என்பதை மட்டும் கற்றால் போதும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கமிருந்து வந்து, பகல் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு, கிடைக்கும் ஒரு விடுமுறை நாளில் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் முதல் பாடமே ‘உனக்குத் தெரியாது’ என்று தொடங்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே முடியாத பிடிவாதம் உண்டு.

ஆனால் தமிழ் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற சில இடங்களில் அப்படியே பள்ளத்திலும் இறக்கிவிடும். அங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் நேரச்சொல். ‘நேற்று வீட்டுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அதை அப்படியே ‘ஐ ஹேவ் சென்ட் மணி யெஸ்டர்டே’ என்று கொண்டுபோனால் ஆங்கிலம் ஏற்காது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், அட் டென், இன் 2019 என்று முடிந்துபோன நேரம் ஒன்றைச் சொல்லிவிட்டால் ஹேவ் வரக் கூடாது, ‘ஐ சென்ட்’ மட்டும்தான். நேரத்தைச் சொல்லாமல், விளைவு இப்போது என்ன என்பதைச் சொல்லும்போது ஹேவ் வரும்.

இதற்கு நேரெதிராக, தமிழில் நிகழ்காலம் போதும் என்கிற இடத்தில் ஆங்கிலம் ஹேவ் கேட்கும். ‘ஐந்து வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன்.’ நேர்காணலில் ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் இன் சிங்கப்பூர்?’ என்று கேட்பார்கள். நம்மவர்கள் ‘ஐ ஆம் இன் சிங்கப்பூர் ஃபைவ் இயர்ஸ்’ என்பார்கள். கேள்வியிலேயே பதில் இருக்கிறது, அந்த ‘ஹேவ்... பீன்’ இரண்டையும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும்: ‘ஐ ஹேவ் பீன் இன் சிங்கப்பூர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.’ தொடங்கிய ஆண்டைச் சொன்னால் சின்ஸ், எத்தனை ஆண்டு என்று சொன்னால் ஃபார்.

அடுத்து -வேன். தமிழில் இது நாளைக்கும் வரும், தினசரி வழக்கத்துக்கும் வரும். ‘காலையில் நாலு மணிக்கு எழுந்திருப்பேன், ஐந்து மணிக்கு லாரி வரும்.’ இது வழக்கம். இதை ‘ஐ வில் வேக் அப் அட் ஃபோர்’ என்றால் கேட்கிறவர் நாளைய திட்டம் என்று எடுத்துக்கொள்வார். வழக்கத்துக்கு வில் வேண்டாம், ‘ஐ வேக் அப் அட் ஃபோர், தி லாரி கம்ஸ் அட் ஃபைவ்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்ல வேண்டும்.

டிட் விஷயத்தில் தமிழ் பாதி உதவும், பாதி கெடுக்கும். ‘போகவில்லை’ என்கிறோம், ‘போனவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. போக என்பதில் காலமே கிடையாது. ஆங்கிலத்திலும் அப்படித்தான்: ‘டிட் நாட் கோ’. காலத்தை டிட் வாங்கிக்கொண்டது, கோ சும்மா நிற்கிறது. இதைச் சொன்னதும் எதிர்மறை வாக்கியம் பலருக்கும் சரியாகிவிடும். கேள்வியில்தான் மறுபடி வழுக்கும். ஏனென்றால் தமிழில் ‘போனாயா?’ என்று இறந்தகால வடிவத்தோடு ஆ சேர்க்கிறோம். அந்தப் பழக்கத்தில் ‘டிட் யூ வென்ட்?’ என்று வந்துவிடுகிறது. கேள்வி கேட்கும்போதும் மனதில் ‘போகவில்லை’யை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

சைட்டில் பழகும் சிங்லிஷை, அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை மட்டம் தட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘ஃபினிஷ் ஆல்ரெடி’ என்றால் சீன, மலாய், தமிழ், வங்காள ஊழியர் அத்தனை பேருக்கும் ஒரு நொடியில் புரிகிறது. அந்த ஆல்ரெடி, சீன மொழி வகைகளான ஹொக்கியனில் ‘லியாவ்’, மாண்டரினில் ‘ல’ செய்யும் வேலையைச் செய்கிறது. ஹேவ் சொல்லும் செய்தியைத்தான் அதுவும் சொல்கிறது. சிங்லிஷுக்குப் பதில் சரியான ஆங்கிலம் பேசச் சொல்லும் ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கம் 2000-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது, ஆனாலும் வாக்கிடாக்கியில் ‘ஃபினிஷ் ஆல்ரெடி’ ஓயவில்லை, ஓய வேண்டிய அவசியமும் இல்லை. பேச்சுக்கு அது இருக்கட்டும்.

எழுத்தில் ஆபத்து ‘நெவர்’ என்ற சொல்லில். சைட்டில் ‘ஐ நெவர் செக்’ என்றால் ‘இந்த முறை நான் பார்க்கவில்லை’ என்றுதான் அர்த்தம். அதே மூன்று சொல் அறிக்கையில் போய் உட்கார்ந்தால், படிக்கிறவர் ‘நான் ஒருபோதும் சரிபார்ப்பதே இல்லை’ என்று படிப்பார். ஒரு நாள் தவறியதை ஒருவர் நேர்மையாக ஒத்துக்கொள்கிறார், காகிதமோ அவரைக் காலமெல்லாம் கவனமில்லாதவர் ஆக்கிவிடுகிறது. ‘ஐ டிட் நாட் செக்’ என்று எழுதுங்கள். இந்த ஒன்றை மட்டுமாவது கற்றுக்கொண்டு போங்கள் என்று ஒவ்வொரு புது ஆளிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

உச்சரிப்பில் ஒரு விதி போதும். வினை t அல்லது d என்ற ஒலியில் முடிந்தால்தான் இறந்தகாலத்தில் ஓர் அசை கூடும்: லிஃப்டெட், வெல்டெட், லோடெட். மற்றதில் அசை கூடாது. செக்கெடு, லாக்கெடு என்று இழுக்க வேண்டாம். செக்ட், லாக்ட், ஸ்லிப்ட் என்று சட்டென்று வெட்டி நிறுத்த வேண்டும். அந்தக் கடைசி ட் கேட்காவிட்டால் செக், செக்ட் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அப்புறம் ஒழுங்கில்லாத வினைகள். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பத்து வினைகளும் ஒழுங்கில்லாதவைதான்: பி, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ என்று போகும் பட்டியல் அது. தமிழிலும் செய்தேன், கண்டேன், கற்றேன், ஓடினேன் என்று த், ட், ற், இன் மாறி மாறித்தான் வருகிறது. அதை நாம் மனப்பாடம் செய்யவில்லை, வீட்டில் கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்துக்கும் வாய்விட்டுச் சொல்வதுதான் வழி. அகரவரிசைப் பட்டியல் வேண்டாம், ஒரே மாதிரி ஒலிப்பவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். கட், புட், ஷட், ஹிட், ஹர்ட் எதுவும் மாறாது. பிராட், பாட், தாட், காட் ஒரு கூட்டம். ஃபால், ஃபெல் என்பதையும் ஃபீல், ஃபெல்ட் என்பதையும் மட்டும் தனியாகப் பழகுங்கள். ‘ஹி ஃபெல்ட் ஃப்ரம் தி லேடர்’ என்று எழுதினால் விழுந்த செய்தியே காணாமல் போய்விடும்.

அறிக்கை எழுத வேண்டி வந்தால் முதலில் தமிழில் எழுதச் சொல்வேன். இப்படி ஒன்றை வைத்துக்கொள்வோம்:

‘காலை 10.15-க்கு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். இரவு மழை பெய்திருந்தது. படி ஈரமாக இருந்தது. கால் வழுக்கியது. விழவில்லை. சேஃப்டி பெல்ட் மாட்டியிருந்தேன். சூப்பர்வைசரிடம் சொன்னேன். படியை இப்போது துடைத்துவிட்டார்கள்.’

இனி வினையின் முடிவுகளின் கீழே மட்டும் கோடு போடுங்கள். கொண்டிருந்தேன் என்றால் வாஸ் கிளைம்பிங். பெய்திருந்தது என்றால் ஹேட் ரெயின்ட். இருந்தது, வாஸ். வழுக்கியது, ஸ்லிப்ட். விழவில்லை, டிட் நாட் ஃபால். சொன்னேன், டோல்ட். கடைசியில் ‘இப்போது’ இருப்பதால் ஹேவ் கிளீன்ட்.

‘மாட்டியிருந்தேன்’ மட்டும் தனிக்கதை. பெய்திருந்தது போலவே தோன்றும், அதனால் ‘ஹேட் வோர்ன்’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் மழை முன்பே பெய்து ஓய்ந்தது. பெல்ட்டோ வழுக்கிய அந்த நொடியில் உடம்பில் இருந்தது. அதனால் ‘ஐ வாஸ் வேரிங்’. உட்கார்ந்திருந்தேன், நின்றிருந்தேன், பிடித்திருந்தேன் எல்லாம் இதே வகை: வாஸ் சிட்டிங், வாஸ் ஸ்டாண்டிங், வாஸ் ஹோல்டிங். -இருந்தேன் என்று வந்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: சம்பவ நேரத்தில் அது தொடர்ந்துகொண்டிருந்ததா, அதற்கு முன்பே முடிந்துவிட்டதா? தொடர்ந்தால் வாஸ்-இங், முடிந்திருந்தால் ஹேட். வழுக்கிய நேரத்தில் பெல்ட் உடம்பில் இருந்ததா என்பதை விசாரிப்பவர் கட்டாயம் கேட்பார். பதில் தெளிவாக இருப்பது எழுதுகிறவருக்கே நல்லது.

வில் ஹேவ் பீன் டூயிங் போன்றவற்றை நான் இன்னும் தொடவில்லை, இப்போதைக்குத் தொடப் போவதும் இல்லை. அடுத்த ஞாயிறு இஃப் எடுக்கிறேன். ‘மழை வந்தால்’ என்பதற்கு ‘இஃப் இட் வில் ரெயின்’ என்று எழுதுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பர்மிட்டில் ‘மழை வந்தால் வேலையை நிறுத்து’ என்ற வரி அடிக்கடி வரும். வருகிறவர்கள் பழைய பர்மிட் ஒன்றின் நகலை எடுத்து வாருங்கள், அதிலுள்ள வாக்கியங்களை வைத்தே பழகலாம்.