நான்கு மணி நேரத்துக்கு ஒரு விளையாட்டு: நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி

அக்கா மகன் நேற்றிரவு தொலைபேசியில் அரை மணி நேரம் வாதாடினான். ஜப்பானிய ரோல் பிளேயிங் விளையாட்டு (கதைப்பாத்திரமாக மாறி ஆடும் கணினி விளையாட்டு) எதையும் இதுவரை தொட்டதில்லை என்று நான் சொன்னது அவனுக்குப் பெருங்குற்றமாகப் பட்டுவிட்டது. "பெர்சோனா 5 ராயலில் தொடங்குங்கள் மாமா, வேறு எதையும் யோசிக்காதீர்கள்" என்றான். முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். நூறு மணி என்றான். டயாலிசிஸ் எந்திரத்தில் படுத்திருக்கும் நேரம், நான்கு மணி வீதம் மூன்று நாள், வாரத்துக்குப் பன்னிரண்டு மணி என்று வைத்தாலும் எட்டு வாரத்துக்கு மேல் ஓடும், மார்ச் பிறந்துவிடும். மார்ச் வரைக்கும் எதையும் திட்டமிடுவதில்லை என்று நான் வைத்திருக்கும் விதியை அவனிடம் சொல்லவில்லை.

நேரம் ஒருபுறம் இருக்கட்டும். பெர்சோனா 5-இல் நாயகன் டோக்கியோவில் பள்ளி மாணவன். பகலில் வகுப்பும் தேர்வும், மற்ற நேரத்தில் பெரியவர்களின் உள்ளத்துக்குள் புகுந்து அவர்களுடைய கெட்ட ஆசையைத் திருடும் வேலை. மாணவர்களைத் துன்புறுத்தும் உடற்பயிற்சி ஆசிரியர்தான் முதல் எதிரி என்பதால் விஷயம் குழந்தைத்தனமானது என்று சொல்ல முடியாது. ஆனால் எதிரிகள் பெரும்பாலும் பெரியவர்கள், எனக்கு வயது 44. நான் எந்தப் பக்கம் நின்று விளையாடுவது?

ஜனவரி 6, திங்கள்

எடை 2.8 கிலோ கூடியிருக்கிறது. எல்லாம் தண்ணீர்தான், யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

'முதிர்ச்சியான' விளையாட்டு வேண்டும் என்று நான் கேட்டதை அவன் வேறு மாதிரி புரிந்துகொண்டிருக்கிறான். ஜப்பானில் செரோ என்ற அமைப்பு ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஏ, பி, சி, டி, இசட் என்று எழுத்து கொடுக்கிறது. டி என்றால் பதினேழு வயதுக்கு மேல், இசட் என்றால் பதினெட்டுக்கு மேல். பெர்சோனா 5 வாங்கிய எழுத்து சி. "அப்படியானால் டி வாங்கிய ஃபைனல் ஃபேண்டசி 16-ஐ எடுங்கள்" என்று செய்தி அனுப்பியிருந்தான். 1987-இல் தொடங்கிய அந்த வரிசையின் எண்ணிட்ட பாகங்களில், அமெரிக்காவில் வயதுவந்தோருக்கானது என்ற முத்திரையோடு வந்த முதல் பாகம் அதுதான்.

எந்திரத்தில் படுத்துக்கொண்டே அதன் முன்னோட்டத்தைப் பார்த்தேன். நிறைய ரத்தம், நிறைய வசைச்சொல். எங்கள் அறையில் ரத்தம் எல்லோர் பக்கத்திலும் குழாயில் ஓடிக்கொண்டிருப்பதால் அதற்காகத் தனியாகப் பணம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. மீசை முளைக்காத பையன் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பதைப்போல ஒரு முதிர்ச்சி. ஒருவேளை நான் அநியாயம் செய்கிறேனோ என்னவோ. அதன் நாயகன் கிளைவ் பதினைந்து வயதில் தொடங்கி முப்பதைத் தாண்டும் வரை கதை போகிறதாம், அது பிடித்திருக்கிறது. ஆனால் சண்டை முழுவதும் விரல் வேகத்தில் நடக்கிறது. ஒற்றைப் பொத்தானில் எல்லாவற்றையும் செய்யவைக்கும் மோதிரங்கள் உள்ளே இருந்தாலும், என்னுடைய பழைய மடிக்கணினி அதைத் தாங்காது. பேச்சு முடிந்தது.

ஜனவரி 9, வியாழன்

இன்று ஒரு கண்டுபிடிப்பு. இடக்கையை நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது என்பதால் வலக்கை ஒன்றைக் கொண்டு எதை விளையாட முடியும் என்பதே இந்தத் தேடலின் முதல் நிபந்தனையாக இருந்தது. அலுவலக மேசையில் இருபது ஆண்டுகள் பார்க்காமலேயே தட்டிய எண்பலகை வீட்டில் தூசி படிந்து கிடந்தது. எட்டு மேலே, நான்கு இடம், ஆறு வலம், இரண்டு கீழே, என்டர் என்றால் ஆம், பூஜ்யம் என்றால் வேண்டாம். முறைவைத்துச் சண்டையிடும் விளையாட்டுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நாம் கட்டளையிடும் வரை எதிரி காத்திருக்கிறான். ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டினால் அப்போதும் காத்திருக்கிறான். இந்தக் காத்திருத்தல்தான் இந்த வகையின் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த அளவுகோலில் நியர்: ஆட்டோமேட்டா அடிபட்டுப் போனது. 2017-இல் வந்தது, யோகோ தாரோ இயக்கியது, ஏ முதல் இசட் வரை இருபத்தாறு முடிவுகள் கொண்டது, இருப்பதன் பொருள் என்ன என்று எந்திரங்கள் கேட்கும் கதை. எல்லாம் சரி. ஆனால் தொடக்கப் பகுதி முடியும் வரை சேமிக்கவே வழியில்லையாம். நடுவில் இறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் எந்திரம் எப்போது கூவும் என்று எனக்கே தெரியாத நிலையில் அது ஆகாது.

ஜனவரி 11, சனி

பக்கத்துப் படுக்கை டீச்சரம்மா, "தம்பி, அப்படி எதைத்தான் இவ்வளவு நாளாகத் தேர்ந்தெடுக்கிறீர்கள், பெண் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியை. விளக்கினேன். ஃபைனல் ஃபேண்டசி 12-ஐப் பற்றிச் சொன்னபோது தலையணையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்கள்.

2006-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்து, பிறகு 'தி சோடியாக் ஏஜ்' என்ற பெயரில் கணினிக்கும் வந்த விளையாட்டு அது. டல்மாஸ்கா என்ற சிறு நாட்டை ஆர்க்கேடியப் பேரரசு பிடித்துவிடுகிறது. கணவனையும் தந்தையையும் நாட்டையும் இழந்த இளவரசி ஆஷ், அரசனைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்ட தளபதி பாஷ். இந்த இருவரின் கதையை வான் என்ற தெருப்பையன் பெரும்பாலும் பக்கத்தில் நின்று பார்க்கிறான். முதலில் பாஷையே நாயகனாக வைக்க நினைத்திருந்தார்களாம். நடுவயதுக்காரனை நாயகனாக்கத் தயங்கினார்கள் என்பதை நான் தனிப்பட்ட அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறேன்.

என்னைக் கட்டிப்போட்டது 'காம்பிட்' என்ற ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் நிபந்தனைகளை வரிசையாக எழுதிவைத்துவிட வேண்டும்: தோழரின் உயிர் பாதிக்குக் கீழே போனால் மருந்து; எதிரி பறப்பவன் என்றால் அம்பு; இப்படி. மேலே இருக்கும் விதி முதலில் நடக்கும். வரிசையைச் சரியாக எழுதிவிட்டால் சண்டை தானாக நடந்துகொண்டிருக்கும். பொட்டாசியம் ஏறினால் இளநீர் கூடாது, அழுத்தம் நூறுக்குக் கீழே வந்தால் காலைத் தூக்கு என்று நானே இப்போது அப்படி ஒரு பட்டியலில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். டீச்சரம்மா, "விதி எழுதுவது நீங்கள், சண்டை போடுவது அவர்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்தக் கேள்வி நல்லது, நாளை யோசிக்க வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

யோசிக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகள் சாகாமல் வாழ்பவனைப் பற்றிய லாஸ்ட் ஒடிசி எக்ஸ்பாக்ஸில் மட்டுமே கிடைக்கிறது என்று தெரிந்தது. எழுத்தாளர் கியோஷி ஷிகெமாட்சு அதற்காகவே எழுதிய சிறுகதைகள் அவனுடைய நினைவுகளாக ஆங்காங்கே வருகின்றனவாம். எக்ஸ்பாக்ஸ் என்னிடம் இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். உலகம் விடுமுறையில் இருந்தாலும் எனக்குச் செவ்வாய் செவ்வாய்தான். சர்க்கரைப் பொங்கல் மூன்று கரண்டி, கரும்பு இல்லை, தண்ணீர் இல்லை. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

யகுசா: லைக் எ டிராகன். நாயகன் கசுகா இச்சிபான், வயது 42. செய்யாத கொலைக்குப் பழியேற்றுப் பதினெட்டு ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தால் அவனைக் கூப்பிட அவனுடைய கும்பலிலிருந்து ஒருவரும் வரவில்லை. யோகோஹாமாவில் வீடற்றவர்களோடு படுத்து, குப்பைக் குவியலிலிருந்து வாழ்க்கையை மறுபடி தொடங்குகிறான். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய்த்தான் தொழில் மாற்ற வேண்டும். சிறுவயதில் விளையாடிய டிராகன் குவெஸ்ட் தலைக்குள் தங்கிவிட்டதால் தெருச்சண்டைகளைக்கூட முறைவைத்து நடக்கும் வீரப்போர்களாகவே அவன் காண்கிறான். இதுவரை பார்த்தவற்றில் என் வயதுக்கு இடம் கொடுத்த ஒரே விளையாட்டு.

ஆனால் அவன் ஓயாமல் நம்பிக்கையாக இருக்கிறான். இன்றைக்கு என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

ஜனவரி 16, வியாழன்

ஃபைனல் ஃபேண்டசி 12-இன் உலகத்தை உருவாக்கிய யசுமி மட்சுனோ அதற்கு முன் 1995-இல் செய்தது டாக்டிக்ஸ் ஓகர். 2022-இல் 'ரீபார்ன்' என்று புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள். வலேரியா என்ற தீவுநாட்டில் இனங்களுக்குள் போர். டெனம் என்ற இளைஞனிடம் அவனுடைய தரப்புத் தலைவர்களே ஒரு வேலையைக் கொடுக்கிறார்கள்: பால்மமுசா என்ற ஊரில் இருக்கும் தங்கள் சொந்த மக்களைக் கொன்று, பழியை எதிரி மேல் போட வேண்டும்; அந்தக் கோபத்தில் மற்றவர்கள் ஆயுதம் எடுப்பார்கள். சம்மதிக்கலாம், மறுக்கலாம். எதைச் சொன்னாலும் கதை அங்கே பிளந்து வேறு வேறு பாதையில் போகிறது. மறுத்தாலும் ஊர் தப்புவதில்லை.

இதை டீச்சரம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மறுத்தாலும் தப்பாது என்றால் எதற்காக நம்மைக் கேட்கிறார்கள்?" என்றார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் முதிர்ச்சி என்று நான் தேடிக்கொண்டிருந்தது செரோவின் எந்த எழுத்திலும் இல்லாத இதைத்தான் என்று அப்போது புரிந்தது. நம் பதிலால் ஊரைக் காப்பாற்ற முடியாதபோதும் பதிலை நம்மிடம் கேட்கும் விளையாட்டு.

ஆனால் ஒரே போர் ஒரு மணி நேரம் போகும், பத்துப் பன்னிரண்டு பேரை ஒவ்வொருவராக நகர்த்த வேண்டும். மூன்றாவது மணி நேரத்தில் எனக்குத் தசைப்பிடிப்பு வரும். முதல் விளையாட்டாக இது வேண்டாம். இரண்டாவதாக இருக்கலாம், இரண்டாவது என்று ஒன்று இருந்தால்.

ஜனவரி 18, சனி

ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்ன். ஜப்பானில் 2003-இல் வந்தது, கணினிக்கு 2021-இல். இதைத் தள்ளிவிட்டேன், ஏன் தள்ளினேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். மாணவன் ஒருவன் ஷின்ஜுகுவில் மருத்துவமனையில் இருக்கும் தன் ஆசிரியையைப் பார்க்கப் போகிறான். வரவேற்பில் ஆள் இல்லை. வார்டுகளில் ஆள் இல்லை. கட்டடம் முழுவதும் காலி. சற்று நேரத்தில் உலகம் அழிகிறது. அதே மருத்துவமனையில் அவன் பாதி அரக்கனாகக் கண்விழிக்கிறான்.

வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போகிறவன், அங்கே படுத்துக்கொண்டே, மருத்துவமனையில் தொடங்கும் விளையாட்டை விளையாட வேண்டுமா? பைத்தியக்காரத்தனம்.

ஜனவரி 19, ஞாயிறு

வரவேற்பில் ஆள் இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

பக்கத்துப் படுக்கையில் வேறொருவர். டீச்சரம்மாவைக் காலை நேரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று சிஸ்டர் சொன்னார். இருமுறை கேட்டேன், இருமுறையும் அதையே சொன்னார்.

ஜனவரி 23, வியாழன்

ஃபைனல் ஃபேண்டசி 12-ஐ வாங்கும் பக்கம் வரை போய்த் திரும்பிவிட்டேன். டீச்சரம்மாவின் கேள்வி தடுத்தது. விதியை எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லாம் தானாக நடப்பதைப் படுத்துக்கொண்டு பார்ப்பதென்றால், அதை எனக்கு ஏற்கெனவே ஓர் எந்திரம் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் செய்து காட்டுகிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் நானே அழுத்த வேண்டும்.

நாக்டர்னின் சண்டைமுறையைப் படித்தேன். அதை 'பிரஸ் டர்ன்' என்கிறார்கள். எனக்கு அது பேரேடாகத் தெரிந்தது. நம் பக்கம் நான்கு பேர் என்றால் நான்கு வாய்ப்புகள் வரவு. எதிரியின் பலவீனத்தில் அடித்தால் அரை வாய்ப்புதான் செலவு. அடி தவறினாலோ பலிக்காமல் போனாலோ இரண்டு வாய்ப்புகள் பற்று. எதிரி உறிஞ்சிக்கொண்டாலோ திருப்பி அடித்தாலோ இருப்பு முழுவதும் காலி. இதே கணக்கு எதிரிக்கும் உண்டு. நாயகனின் உயிர் போனால், மற்ற மூவர் நலமாக நின்றாலும் ஆட்டம் முடிந்தது. கொடுமைதான், ஆனால் மறைமுகம் ஒன்றும் இல்லாத கொடுமை.

உலகம் அழிந்தபின் மிஞ்சியவர்கள் புது உலகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு கொள்கையோடு நிற்கிறார்கள். ஒன்று ஆசாபாசம் அற்ற அமைதி. ஒன்று ஒருவரும் ஒருவரையும் தொடாத தனிமை. ஒன்று வலிமை உள்ளவர்களுக்கு மட்டுமான உலகம். மூன்றாவதில் எங்கள் அறையில் இருக்கும் எட்டுப் பேரில் ஒருவருக்கும் இடமில்லை. அதைச் சொல்வது நாயகனோடு படித்த பெண். யாரோடு சேர்வது, யாரோடும் சேராமல் இருப்பதா என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். டீச்சரம்மாவிடம் கேட்க வேண்டிய விஷயம்.

இன்னொன்று: புதுப்பித்த பதிப்பில் எந்த இடத்திலும் நிறுத்தி இடைக்காலமாகச் சேமித்துக்கொள்ளலாம். எந்திரம் கூவினாலும் கவலையில்லை.

ஜனவரி 25, சனி

வாங்கிவிட்டேன். நாக்டர்னைத்தான். மருமகன் ஐந்து நிமிடம் பேசவே இல்லை; பிறகு, "முதல் விளையாட்டாக யாரும் அதை எடுக்கமாட்டார்கள் மாமா, மடடோர் என்று ஒருவன் வருவான், அங்கேயே விட்டுவிடுவீர்கள்" என்றான். ஸ்டீம் என்ற இணையக் கடையில் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அதாவது ஒருநாள் படுக்கையின் பாதி நேரம். அதற்குள் தெரிந்துவிடும்.

இன்று மடிக்கணினியைக் கொண்டுபோகவில்லை. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

ஜனவரி 27, திங்கள்

எடை 1.9 கிலோ கூடியிருக்கிறது. எண்பலகையைத் துடைத்து வைத்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

ஊசி இரண்டாவது முயற்சியில் ஏறியது. பத்தே முக்காலுக்குத் தொடங்கினேன். யோயோகி பூங்காவில் ஹிஜிரி என்ற பத்திரிகைக்காரன் வழிமறித்துப் பேசினான், அங்கிருந்து மருத்துவமனை. வரவேற்பில் ஆள் இல்லை. தோழி ஒருத்தி முன்பே வந்து காத்திருக்கிறாள். ஆசிரியையைத் தேடி ஒவ்வொரு தளமாகப் போகச் சொல்கிறார்கள். காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. காதொலிப்பானைக் கழற்றினால் எங்கள் அறையின் எட்டு எந்திரங்களும் சுற்றும் சத்தம், மாட்டினால் அந்த நடைக்கூடம். கழற்றினேன், மாட்டினேன்.

புதியவர் எட்டிப்பார்த்து, "இது எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். ஷின்ஜுகு என்றேன். வசதியாக இருக்கிறதே என்றார்.

ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் இருபது நிமிடத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். மின்தூக்கி வந்து நிற்கிறது, எண்பலகையில் எட்டை