அப்பாவின் தொண்டைக்கு இருபது நாள் மின்தூண்டல்

பாரிசவாதம் வந்தபின் அப்பாவின் கை வழங்காததைக் கண்ட நாங்கள், விழுங்கும் சக்தியும் குன்றியிருந்ததைக் கவனிக்கவில்லை. இருமல் வராததால் புரைக்கேறவில்லை என்று நம்பி, வெள்ளவத்தை வீட்டில் அவர் கேட்டபோதெல்லாம் பிளேன்டீ கொடுத்தேன். தொண்டையின் உணர்வு மங்கியவர்களுக்கு நீர் ஓர் இருமல்கூட எழாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும் என்பதை, நியூமோனியாவோடு அவரை மீண்டும் வைத்தியசாலையில் சேர்த்தபோதுதான் அறிந்தேன். உணவூட்ட மூக்குவழிக் குழாய் போடப்பட்டது.

எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த கூழை விழுங்கவைத்து எடுத்த எக்ஸ்ரே காட்சியில், குரல்வளை போதிய அளவு மேலெழாததைக் காட்டிய பேச்சுச் சிகிச்சையாளர், பேஸ்மேக்கர் உண்டா, கழுத்தில் புற்றுநோய் இருந்ததா, வலிப்பு வந்ததா என்று விசாரித்த பிறகே, தோலில் ஒட்டும் தகடுகள்வழி மெல்லிய மின்னோட்டம் செலுத்தி விழுங்கும் தசைகளை இயக்கும் மின்தூண்டலுக்கு இணங்கினார்.

முதல் நாள் நரைத்த தாடியில் ஒட்டுத்தகடு நிற்கவில்லை. நானே சவரம் செய்து, எண்ணெய்ப்பசை போகத் துடைத்துவிட்டேன். தகடுகள் நாடிக்கு அடியில் ஒட்டப்பட்டன. அங்குள்ள தசைகள்தாம் குரல்வளையைத் தாங்கும் நாவடி எலும்பை மேலும் முன்னுமாக இழுப்பவை. சற்றுக் கீழே ஒட்டினால் அதே மின்னோட்டம் எலும்பைக் கீழே இழுத்துவிடக்கூடும் என்பதால், இக்கருவியை வாங்கி வீட்டில் தாமே பொருத்திப் பார்க்க நினைப்பவர்களை மன்றாடித் தடுப்பேன். மில்லி அம்பியரை ஒவ்வொன்றாகக் கூட்டியபோது, "எறும்பு ஊருது" என்று குழறினார் அப்பா. ஏழில், "இழுக்குது" என்றார். அந்த இழுவை வந்ததும் கூட்டுவது நின்றது.

தகட்டை ஒட்டிவிட்டுச் சும்மா இருப்பதல்ல இச்சிகிச்சை. மின்னோட்டம் ஓடும்போதே, அந்த இழுவையோடு சேர்ந்து, திரும்பத் திரும்ப விழுங்கவேண்டும். சிகிச்சையாளர் சிங்களத்தில் "கிலின்ன" என்பார்; நான் "விழுங்குங்கோ அப்பா" என்பேன். இரண்டாம் வாரத்தில் என் சொல்லுக்குக் காத்திராமல், சிங்களச் சொல் கேட்டதுமே அவர் குரல்வளை அசைந்தது.

மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டல், பாரிசவாத நோயாளருக்கு இதனால் பயன் இருக்கலாம், ஆனால் சான்றுகள் குறைவு என்கிறது. ஆகவே மின்சாரமே அப்பாவைத் தேற்றியது என்று நான் சொல்லமாட்டேன். பயிற்சிக்கும் காலத்துக்கும் அதில் பங்குண்டு.

இருபதாம் நாளுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயில் கூழ் நேராக உணவுக்குழாய்க்குள் இறங்கியது. குழாயைக் கழற்றிய அன்று தடித்த குரக்கன் கஞ்சியைத் தேக்கரண்டியால் ஊட்டினேன். பிளேன்டீ இன்றும் தடிப்பாக்கும் தூள் கலந்துதான், நாடியைத் தாழ்த்தி, ஒவ்வொரு மிடறாக.